துறைமுக பாஸும் பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டிலும்

எனக்குக் கடலைக் கண்டு பயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இந்த ஆள் எப்படிப் படகு ஓட்டினான் என்று நீங்கள் சந்தேகப்படக்கூடும். கடல் எதையும் முன்கூட்டியே சொல்லிவிடும். காற்றுத் திரும்புவதற்கு முன்னால் தண்ணீரின் நிறம் மாறும், பெரிய அலை வருவதற்கு முன்னால் சின்ன அலைகள் ஒதுங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதம் புரட்டுகிறவர்களிடம் இப்படி ஒரு அடையாளமும் தெரியாது. நான் பயப்படுவதெல்லாம் அவர்களுக்குத்தான்.

உவரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கடற்கரை ஊர் எங்களுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்தது. அதற்கப்புறம் கொல்லத்தில் விசைப்படகு. முதலில் வலை இழுக்கிறவன், பிறகு எஞ்சின் பார்க்கிறவன், கடைசியில் ஸ்ராங்கு. படகை ஓட்டி, அதில் இருக்கிற ஆட்களுக்கும் பொறுப்பாக இருப்பவரை நாங்கள் ஸ்ராங்கு என்போம். வெளியூர்க்காரர்கள் கேப்டன் என்பார்கள். கேப்டன் என்று யாராவது கூப்பிட்டால் நான் பின்னால் திரும்பி வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன்.

லைசென்ஸ் தேர்வில் எழுதச் சொல்லவில்லை, வாயால்தான் கேட்டார்கள். அதனால் பிழைத்தேன். மூடுபனியில் எதிரே ஒரு கப்பல் வந்தால் என்ன செய்வீர் என்று ஒருவர் கேட்டார். மூடுபனி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து என்னவெல்லாம் செய்வேன் என்று ஆரம்பித்தேன். நான் இன்னும் கரையை விட்டே கிளம்பியிருக்கவில்லை, அதற்குள் அவர், "போதும், போதும். உம்மோட படகுல நான் குடும்பத்தோட ஏறுவேன்" என்றார். கவலைப்படுவது ஒரு தகுதி என்று என் வாழ்க்கையில் ஒருவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

அந்த லைசென்ஸை வைத்துத்தான் துறைமுகத்து வேலை வந்தது. வெளியிலிருந்து வருகிற கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவர ஓர் அதிகாரி உண்டு. அவரைக் கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோய் ஏணியில் ஏற்றிவிட்டு, திரும்பக் கூட்டிவருகிற படகுக்கு ஸ்ராங்கு வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கம்பெனி மேனேஜர் போனில் சொன்னார்:

"லைசென்ஸ் இருக்கு, அனுபவம் இருக்கு, எல்லாம் சரி அண்ணே. ஆனா துறைமுகத்துக்குள்ள காலை வைக்கணும்னா பாஸ் வேணும். பாஸுக்குப் போலீஸ் சான்றிதழ் வேணும். இந்த மாசம் முடியதுக்குள்ள கொண்டாந்திருங்க. இல்லன்னா அடுத்த ஆளைப் போட்டுருவோம், கோவிச்சுக்கக் கூடாது."

கோபித்துக்கொள்வதற்கு எனக்கு ஏது நேரம்? அந்த நிமிஷத்திலிருந்து கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவேண்டும். கொல்லத்தில் இருந்தபோது பண்டிகைக்குப் பண்டிகைதான் ஊர் வருவேன். என் சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரைந்தபோது, அம்மா, அக்கா, பூனை எல்லாரையும் வீட்டுக்குள் வரைந்துவிட்டு, என்னை மட்டும் பஸ்ஸுக்குள் வரைந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கை மட்டும் தெரிந்தது. டாட்டா காட்டுகிற கை. துறைமுகத்து வேலை கிடைத்தால் முறை முடிந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். பஸ்ஸை விட்டு இறங்குகிற மாதிரி ஒரு படம் வரையவைக்கலாம்.

திசையன்விளையில் கம்ப்யூட்டர் சென்டரில் வைத்து விண்ணப்பம் போட்டேன். அங்கிருந்த பெண் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். பெயர், முகவரி வரைக்கும் தைரியமாக இருந்தேன்.

"உங்க மேல கிரிமினல் கேஸ் ஏதாவது இருக்கா அண்ணாச்சி?"

சும்மா கேட்கிற கேள்விதான். எனக்குத்தான் அது சும்மா இல்லை. பல வருஷத்துக்கு முன்னால், வலை அறுந்த தகராறில் இரண்டு ஊருக்கும் சண்டை வந்து, கடற்கரையில் கூட்டம் கூடி, போலீஸ் வந்தது. அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நானும் நின்றேன். கையில் தேநீர் கிளாஸ் இருந்தது. கூட்டத்தில் நின்றவர்கள் பெயரை எழுதிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். என் பெயர் அதில் இருந்ததா என்பது இன்றைக்கு வரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனால், அங்கேயே எழுதிக்கொள்வார்களோ என்று கேட்கவில்லை.

"அண்ணாச்சி, இருக்கா, இல்லையா?"

"டீ குடிச்சிட்டு நின்னா கேஸ் ஆகுமாம்மா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'இல்லை' என்பதை அமுக்கினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "யாரிட்டயும் மூச்சு விட்டுராத. கிடைக்காமப் போச்சுன்னா டீக்கடையில என்னை வச்சுத்தான் நாலு மாசம் பொழுது போகும்."

"கிடைச்சா?"

"கிடைச்ச பெறகு சொல்லிக்கிடலாம்."

"நல்லா இருக்கு. ஊருல எல்லாரும் நல்லது நடந்தாச் சொல்லுதாவ. உங்களுக்கு நடக்கதுக்கு முன்னாலயே துக்கம்" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காக்கிச்சட்டை போட்ட ஒருவர் ஊருக்குள் வந்து ஓர் ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி ஓர் ஆள் ஊரில் இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மழை பெய்தால் கருவாட்டை உள்ளே எடுப்பது மாதிரி, போலீஸ் வந்தால் ஆளை உள்ளே எடுத்துவிடுவோம். வலைச் சண்டைக் காலத்திலிருந்து வந்த பழக்கம். கேட்கப்படுகிறவன் நமக்கு வேண்டாதவனாக இருந்தாலும் சரி, அவனோடு காலையில்தான் சண்டை போட்டிருந்தாலும் சரி, அவன் கேரளாவில் இருக்கிறான். எல்லாரும் கேரளாவில் இருக்கிறார்கள். எங்கள் ஊரை நம்பினால் கேரளாவில் மலையாளிகளுக்கே இடம் இருக்காது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரையும் செத்துப்போய்விட்டான் என்று சொல்லமாட்டோம். கடலுக்குப் போகிற ஊரில் அந்த வார்த்தையை விளையாட்டுக்கும் சொல்வதில்லை.

ஒரு நாள் மத்தியானம் சோற்றில் கையை வைத்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்கப்போன மனைவி குடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஒரு ஏட்டையா வந்திருக்காரு. பைக்க டீக்கடை முன்னால நிறுத்திட்டு உங்க பேரைச் சொல்லிக் கேக்காரு."

"என் பேரா? முழுப் பேருமா?"

"அப்பா பேரோட."

"போச்சு. அந்த வலைச் சண்டைதான். விண்ணப்பம் போட்டதும் பழையதை எல்லாம் தோண்டிட்டாவ."

"பாஸ் விஷயமா இருக்கும். எதுக்கு இப்படி வேர்க்கிய?"

"பாஸ் விஷயம்னா ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுவாவ. வேலை மெனக்கெட்டு வெயில்ல ஏட்டையா எதுக்கு வாராரு? நல்லது சொல்ல எந்த ஊர்ல போலீஸ் வீடு தேடி வந்திருக்கு, நீயே சொல்லு."

அவளுக்கும் அப்படி ஓர் ஊர் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் எச்சில் கையோடு பின்வாசல் வழியாக இறங்கி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே பழைய வலைகள் குவிந்து கிடந்தன. ஓர் ஆடு வந்து என் கையில் ஒட்டியிருந்த சோற்றை நக்கியது. அசையாமல் இருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை. மீன் விற்கிறவர். இடுப்பில் கை வைத்து நின்றாரென்றால் ஏலக்காரன் இறங்கி வந்து விலை சொல்வான். பைக் சத்தம் அவர் வாசலில் வந்து நின்றது. பேச்செல்லாம் எனக்கு நன்றாகக் கேட்டது.

"பக்கத்து வீட்டுக்காரர் இருக்காராம்மா? ஸ்ராங்கு வேலை பாக்கவரு."

"யாரு, அவரா? அவரு மஸ்கட்லல்லா இருக்காரு!" என்றார் மைனி, யோசிக்கக்கூட இல்லாமல்.

"மஸ்கட்டா? டீக்கடையில கொல்லம்னாவளே."

"கொல்லத்துல இருந்துதான் மஸ்கட் போனாரு."

"எப்ப வருவாரு?"

"அது அரபிக்குத்தான் தெரியும்."

கொட்டிலுக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீடு என்றால் இதுவல்லவா பக்கத்து வீடு! கேட்டு ஒரு நொடியில் என்னைக் கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஏட்டையா அப்புறம் படகுத்துறைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அங்கே என்னோடு சின்ன வயதிலிருந்து சீட்டு விளையாடுகிறவர்கள், அப்படிப் பெயருள்ள ஆளை இந்தக் கரையில் கேள்விப்பட்டதே இல்லை என்று கையை விரித்திருக்கிறார்கள். ஒருவர், "பேரைக் கேட்டா நாகர்கோயில் பக்கத்து ஆள் மாதிரி தெரியுது" என்றும் யோசனை சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். எதற்கு வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுவும் எங்கள் மரியாதை. நான் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து போனில் ஒரு தகவல் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. மூத்த மகள் வாசித்துவிட்டு, "அப்பா, நீங்க இந்த முகவரியில இல்லையாம். விண்ணப்பத்தைத் தள்ளிட்டாங்க" என்றாள்.

நான் என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். கரண்டியை மட்டும் சட்டியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருநெல்வேலியில் இருக்கிற போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். கையில் ஆதார், ரேஷன் கார்டு, லைசென்ஸ், கொல்லத்தில் வேலை பார்த்த சான்று, ஞானஸ்நானச் சான்று, கல்யாணப் போட்டோ. கல்யாணப் போட்டோ எதற்கு என்று மனைவி கேட்டாள். கேட்டால் இருக்கட்டும் என்றேன். சீக்கிரமே போய்விட்டதால், அலுவலகம் திறக்கும்வரை ஆற்றுப் பாலத்தில் போய் நின்றேன். கீழே தாமிரபரணி அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் துணி துவைத்தார்கள், குளித்தார்கள், ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று போன் பேசினார். இந்த ஆற்றங்கரையில் பிறந்திருந்தால் பாஸ் வாங்கவேண்டிய வேலை வந்திருக்காது என்று தோன்றியது. அப்புறம் அந்தப் போன் தண்ணீரில் விழுந்துவிடுமோ என்ற கவலை வந்து, அவர் கரையேறுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றதில் வரிசையில் முதல் இடம் போய்விட்டது.

அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவர் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வழக்குதான் என்று முடிவுகட்டி மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"விசாரிச்சதுல நீங்க கொல்லத்துல இருக்கிறதா ஒருத்தர் சொல்லியிருக்காரு. மஸ்கட்ல இருக்கிறதா பக்கத்து வீட்டுல சொல்லியிருக்காங்க. அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு நாலு பேரு சொல்லியிருக்காங்க. நீங்க எங்கதான் இருக்கீங்க?"

"இங்கனதான் மேடம் நிக்கேன்."

"அது எனக்குத் தெரியுது. ரிப்போர்ட்டுக்குத் தெரியணுமே."

"கேஸ் ஒண்ணும் இல்லையா மேடம்? டீ கிளாஸோட நின்னது..."

"என்ன டீ கிளாஸ்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் இரக்கப்பட்டுச் சொன்னார்: "கேஸ் எதுவும் இல்லை. ஆளும் இல்லை, அதான் பிரச்சினை. உங்க ஸ்டேஷன்ல போயி அந்த ஏட்டையாவையே பாருங்க. மறுபடி விசாரிச்சு, ஆள் இருக்காருன்னு எழுதினாப் போதும். பக்கத்துல ரெண்டு பேரு சாட்சி சொல்லணும். இந்தத் தடவையாவது ஊருல இருங்க."

ஏட்டையா ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள், வயல்காட்டுக்காரர். கடற்கரை ஊருக்கு மாறுதலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் பெயரைச் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"அடடே, வாரும் வே. மஸ்கட்ல இருந்து எப்ப வந்தீரு?"

"ஏட்டையா, நான் மஸ்கட்டே போனதில்ல..."

"எனக்குப் பேரீச்சம்பழம் ஒண்ணும் கொண்டாரலியா?"

விஷயத்தை எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் வந்தபோது நான் எங்கே இருந்தேன் என்பதை. வெளியே போயிருந்தேன் என்றேன். ஆட்டுக் கொட்டில் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது.

"சரி, நாளைக்கு வாறேன். உம்ம ஊர்க்காரங்களை உண்மையைச் சொல்லச் சொல்லும். பைய யோசிச்சுச் சொல்லட்டும், அவசரமில்ல. ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் எழுதி அனுப்பினதுக்குப் பெறகு மாத்த முடியாது. பாத்துக்கிடும்."

மாதக் கடைசிக்கு ஒரு வாரம்கூட இல்லை. வேறு வழியில்லாமல் அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் எழுந்து நின்று, நான் ஒளித்துவைத்திருந்த விஷயத்தைச் சொன்னேன். துறைமுக வேலை, பாஸ், சான்றிதழ், எல்லாம். அப்புறம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே, நல்ல விஷயத்துக்கு வந்தாருன்னு முன்னாலயே சொல்லக்கூடாதாலே? உன்னைக் காப்பாத்தணும்னு நான் எவ்வளவு பாடுபட்டுப் பொய் சொன்னேன்!" என்றார் சீட்டுக்கட்டுக் கூட்டாளி.

"அன்னைக்கு டீயை வேற வாங்கிக் குடுத்திட்டாரு. பொய்க்கு டீ வாங்கிக் குடுத்த ஒரே ஆளு நம்ம ஸ்ராங்குதான்" என்றார் இன்னொருவர்.

டீக்கடை அண்ணாச்சி பால் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தார். திசையன்விளைப் பக்கமிருந்து வந்து கடை போட்டவர். எங்களைவிட எங்கள் வழக்கத்தில் கெட்டிக்காரர். "கவலையை விடும். கொல்லம்னு சொன்னதாலதானே குழப்பம்? நாளைக்கு அந்தப் பேச்சே வராம நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். மற்ற நாளெல்லாம் தேவையில்லாமல் கவலைப்படுகிறவன், தேவையான அன்றைக்கு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

ஏட்டையா வந்தார். நான் வெள்ளைச்சட்டை போட்டு, எல்லாக் காகிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் எல்லாரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி ஓடிவந்து நாற்காலி போட்டார்.

"இவரைத் தெரியுமா அண்ணாச்சி?" என்றார் ஏட்டையா.

"என்ன இப்படிக் கேட்டுட்டிய? இவரு இங்கனதான் இருக்காரு. பொறந்ததுல இருந்து இங்கனதான். இந்த ஊரை விட்டு ஒரு எட்டு வெளிய வச்சதில்ல."

"கொல்லம்?"

"கொல்லமா? அது எந்தப் பக்கம் இருக்குன்னே இவருக்குத் தெரியாது."

படகுத்துறையிலிருந்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். கேரளாவுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. மீன் குழம்பில் தேங்காய் எண்ணெய் விட்டால்கூடச் சாப்பிடமாட்டேன். இப்படி ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு என்னை ஊரோடு கட்டிப்போட்டார்கள். ஏட்டையா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் மடியிலிருந்த கட்டை வாங்கிப் புரட்டினார். நடுவில் ஒரு காகிதத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"பத்து வருஷம் கொல்லத்துல படகு ஓட்டினதா இங்க சான்று இருக்கு. இதை வச்சுத்தான் லைசென்ஸே குடுத்திருக்காவ. ஊரே சேர்ந்து அப்படி இல்லைன்னு சொல்லுதியளே. அப்ப இது போலியா வே?"

டீக்கடையில் பால் பொங்கி வழிந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. முதல் தடவை முகவரிதான் போனது. இந்தத் தடவை லைசென்ஸும் சேர்ந்து போகப்போகிறது. நான் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எதிரே நிற்பவர்கள் அத்தனை பேரும் எனக்கு வேண்டியவர்கள். அவர்கள்தான் வேறு மாதிரிச் சொல்லிவிட்டார்களே. ஏட்டையா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அந்த நேரத்தில் மீன் கூடையோடு மைனி வந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னவே எல்லாரும் முழிக்கிய?"

"நீங்கதானம்மா மஸ்கட்னு சொன்னது?" என்றார் ஏட்டையா.

"ஆமா, நாந்தான் சொன்னேன். பொய்தான் சொன்னேன். இவ்வளவு பேரும் சொன்னதும் பொய்தான். இவரு கொல்லத்துல இருந்தவருதான். வருஷக்கணக்கா இருந்தாரு. போன தடவை ஊருக்கு வந்தவரு பெறகு போகல."

"இதை நான் எப்படி நம்ப? அன்னைக்கு இல்லைன்னீங்க, இன்னைக்கு இருக்காருங்கிய. அன்னைக்கு இவரு எங்கன இருந்தாரு?"

நான் மைனியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்கன இருந்தாரா? நீங்க என் வாசல்ல நின்னு கேட்டியள்லா, அப்ப எங்க ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால வலைக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருந்தாரு. சோத்துக் கையோட. நீங்க போயி எவ்வளவோ நேரம் கழிச்சு நாந்தான் போயி, கொழுந்தனாரே, எழும்புங்க, போலீஸ் போயாச்சுன்னு கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டேன். நம்பலன்னா வாங்க, வலையில அவரு உக்காந்த பள்ளம் இன்னும் இருக்கு."

ஏட்டையா என் பக்கம் திரும்பினார்.

"நிசமா வே?"

"நிசந்தான் ஏட்டையா."

"எதுக்கு?"

"நீங்க வந்தியள்லா."

"உமக்குச் சான்றிதழ் குடுக்கத்தானேய்யா நான் வந்தேன்!"

"அது எனக்கு அப்பத் தெரியாதே. ஒருக்க வலைச் சண்டையில கூட்டத்துல நின்னேன். டீ கிளாஸோட."

முதலில் அவருடைய மீசைதான் அசைந்தது. அப்புறம் தோள். அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரிக்க ஆரம்பித்ததும் ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

"இங்க பாரும். பொய் சொல்லணும்னா மனுசன் ஒரு நல்ல பொய்யாச் சொல்லுவான். ஆட்டுக்குப் பின்னால இருந்தான்னு எவனும் கட்டிச் சொல்லமாட்டான்" என்று பேனாவைத் திரும்ப எடுத்தார். "துறைமுகத்துக்கு உம்மால ஒரு ஆபத்தும் வராது வே. துறைமுகத்தாலதான் உமக்கு ஏதாவது ஆகாமப் பாத்துக்கிடணும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். கொல்லத்துப் படகு முதலாளிக்கு என் போனிலிருந்தே பேசிக் கேட்டுக்கொண்டார். அவர் மலையாளத்தில் என்னைப் பற்றிச் சொன்னதை ஏட்டையா, "நல்ல ஸ்ராங்கு, ஆனா ரொம்பப் பேடிக்கும்னு சொல்லுதாரு. பேடின்னா பயம்தானே?" என்று ஊருக்கே மொழிபெயர்த்தார். சாட்சியாக அண்ணாச்சியும் மைனியும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணாச்சி கையெழுத்துப் போடும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாகப் போலீஸிடம் உண்மையைச் சொல்கிறவரைப் போல ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதினார்.

சான்றிதழ் வந்தது. மாதம் முடிவதற்குள் பாஸும் வந்தது. பாஸில் இருக்கிற போட்டோவில் என் கண் இரண்டும் வெளியே வந்து நிற்கும். யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட நேரத்தில் எடுத்தது மாதிரி. முதல் நாள் துறைமுக வாசலில் காவலாளி அதை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போங்க" என்றார்.

நான் நின்றேன்.

"போங்கன்னு சொன்னேம்லா."

"சரியாப் பாத்தியளா?" என்றேன். பாஸ் வாங்கப் பட்ட பாட்டுக்கு அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் முறை முடிந்து தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சின்ன மகளுக்கு ஆரம்பத்தில் சந்தோஷமாக இருந்தது. இப்போது டிவியை நான் அணைக்கிற நேரத்தில், "நீங்க எப்ப திரும்பக் கொல்லம் போவீங்க?" என்று கேட்கிறாள். ஊரில் எனக்கு மஸ்கட்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கினால் மைனி வாசலிலிருந்து, "விமானம் சரியான நேரத்துக்கு வந்துட்டா கொழுந்தனாரே?" என்பார். நான் பதில் சொல்வதில்லை. அந்த ஆட்டைத்தான் என்னால் இன்னும் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

போன வாரம் ஏட்டையா பைக் டீக்கடை முன்னால் வந்து நின்றது. எங்கள் தெருவிலிருக்கிற ஒருவரின் பெயரைச் சொல்லி, "ஆள் ஊருல இருக்காரா?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். துறைமுக பாஸ் கழுத்தில் தொங்குகிற ஒரே ஆள் நான்தான். அரசாங்கத்தோடு பேச ஊரில் இனி எனக்குத்தான் பொறுப்பு என்று எப்போது முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸோடு பேசுவதில்லை.

"எதுக்குக் கேக்கிய ஏட்டையா?"

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்காரு வே. விசாரிக்க வந்தேன்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தலையை அசைத்தார்.

"அப்ப இருக்காரு" என்றேன்.